திங்கட்கிழமை ராத்திரிச் சண்டையும் வலியசாலைப் பாட்டியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மிசிசாகாவில் எங்கள் வீட்டில் திங்கட்கிழமை ராத்திரி ஹாலில் எனக்கு இடம் கிடையாது. பையன் நெட்ஃப்ளிக்ஸில் ‘ரா’ போட்டுவிடுவான். 2025 ஜனவரி 6லிருந்து அது அங்கேதான் வருகிறது. பத்து வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் பேசி வாங்கியிருக்கிறார்கள். போன வாரம் அவன் கேட்டான், "அப்பா, அந்தக் காலத்துல இதுக்கு எதிரா இன்னொரு கம்பெனி இருந்துதாமே, அவங்க தோத்துட்டாங்களா?"

தோற்றார்களா என்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் அடுத்தவர்களுடைய பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தே காலம் தள்ளுகிற எனக்கு இது பிடித்த கதை. மேடையில் நடப்பதெல்லாம் முன்பே எழுதி வைத்தது. யார் ஜெயிப்பான், யார் நாற்காலியால் அடி வாங்குவான், எல்லாம் பேசி முடித்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்து சேர்கிற ரேட்டிங் நம்பரை மட்டும் யாரும் முன்கூட்டி எழுதி வைக்க முடியாது. அந்தத் தொழிலில் நிஜமான சண்டை அது ஒன்றுதான்.

முதலில் வலியசாலை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாக உள்ளே நடந்தால் எங்கள் அக்ரஹாரம். காந்தளூர் மகாதேவர் கோயில், இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் வருகிற காந்தளூர்ச் சாலை இதுதான் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின அந்தச் சண்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த சண்டை, தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டு ரேழியை ஒட்டின அறையில் ஸ்டார் ஸ்போர்ட்ஸில் வந்த சண்டை.

மின்வாரியக் கம்பங்களில் தொங்கிக்கொண்டு கேபிள் எங்கள் தெருவுக்குள் வந்தது. மாசக் கடைசியில் காசு வாங்க கேபிள் சேட்டன் வருவார். அப்பாவுக்குச் செய்தி, அம்மாவுக்கு சன் டிவி, எனக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். பாட்டிக்கும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.! பொய் சொல்லவில்லை. மடிசார் கட்டின என் அப்பாவைப் பெற்ற பாட்டி, ஜபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அண்டர்டேக்கரைப் பார்ப்பாள். தாராசிங், கிங்காங் பேரெல்லாம் தாத்தா சொல்லிக் கேட்டிருந்தவள். "சண்டைன்னா இதாக்கும்" என்பாள். பிரெட் ஹார்ட்டை ரொம்பப் பிடிக்கும். ரோஸ் கலர் உடுப்பைப் பார்த்து "நம்ம மாப்பிள்ளை" என்று பெயர் வைத்திருந்தாள். தம்பி ஓவன் ஹார்ட் அவனுக்கு எதிரியாக வந்தபோது, "கூடப் பொறந்தவன் பண்ற காரியமா இது?" என்று டிவியைப் பார்த்துத் திட்டினாள்.

எங்களுக்கு எல்லாம் பல வாரம் தாமதமாகத்தான் வரும். எதிர்க்கம்பெனியின் நிகழ்ச்சியை நான் அப்போது பார்த்ததே இல்லை. ஆக, என் வாழ்க்கையின் மிகப் பெரிய ரேட்டிங் போரில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், போர் நடக்கிறது என்பதே தெரியாமல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டபிள்யூ.டபிள்யூ.எஃப்., டபிள்யூ.சி.டபிள்யூ. என்று மாறி மாறி அடித்தால் எனக்குக் கை வலிக்கும், உங்களுக்குக் கண் வலிக்கும். மக்மஹன் கம்பெனி, டர்னர் கம்பெனி என்றே சொல்கிறேன்.

பழைய காலத்தில் அமெரிக்காவில் மல்யுத்தம் வட்டார வியாபாரம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முதலாளி. ஒருத்தர் எல்லைக்குள் இன்னொருத்தர் வரமாட்டார். அப்பாவிடமிருந்து 1982ல் கம்பெனியை வாங்கின வின்ஸ் மக்மஹன் இந்த மரியாதையைத் தூக்கி எறிந்தார். ஊர் ஊராக நல்ல ஆட்களை இழுத்தார், கேபிள் டிவியைப் பிடித்தார், 1985ல் ரெஸில்மேனியா நடத்தினார். வட்டார முதலாளிகள் ஒவ்வொருவராகக் காலி. மிஞ்சினவர்களில் ஒருவரான ஜிம் கிராக்கெட் கடனில் மூழ்கியபோது, 1988ல் அந்தக் கம்பெனியை டெட் டர்னர் வாங்கினார். சி.என்.என். ஆரம்பித்த அதே டர்னர்தான். அதுதான் டர்னர் கம்பெனி. முதல் சில வருஷம் நஷ்டம்தான்.

மக்மஹனின் ‘மண்டே நைட் ரா’ 1993 ஜனவரி 11ல் யு.எஸ்.ஏ. நெட்வொர்க்கில் தொடங்கியது. டர்னர் கம்பெனிக்கு எரிக் பிஷாஃப் என்ற இளைஞர் பொறுப்பேற்றிருந்தார். மக்மஹனோடு போட்டி போட என்ன வேண்டும் என்று டர்னர் கேட்க, ராத்திரி நல்ல நேரத்தில் இடம் வேண்டும் என்று இவர் சொல்ல, டர்னர் தன் டி.என்.டி. சேனலில் திங்கட்கிழமை ராத்திரியையே கொடுத்துவிட்டாராம். நம் ஊர் மேலதிகாரியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள், ஃபைல் ஆறு மாசம் சுற்றும் :-)

1995 செப்டம்பர் 4. மின்னசோட்டாவில் மால் ஆஃப் அமெரிக்கா என்ற பெரிய கடைவளாகத்தின் நடுவில் ‘நைட்ரோ’ ஆரம்பம். டென்னிஸ் போட்டி ஒளிபரப்பால் அன்றைக்கு ‘ரா’ இல்லை. முந்தின நாள் வரைக்கும் மக்மஹனிடம் ஆடிக்கொண்டிருந்த லெக்ஸ் லூகர் திடீரென்று நைட்ரோவில் வந்து நின்றார். மக்மஹனுக்கே டிவி பார்த்துத்தான் தெரிந்தது என்பார்கள்.

பிஷாஃப் இன்னொரு வேலையும் செய்தார். நைட்ரோ நேரடி ஒளிபரப்பு. ‘ரா’வோ பல வாரம் முன்பே பதிவு செய்தது. இவர் தன் நிகழ்ச்சியில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பக்கம் மாற்றாதீர்கள், இன்றைக்கு இன்னார்தான் ஜெயிக்கிறார்" என்று முடிவைச் சொல்லிவிடுவார். படத்துக்கு க்யூவில் நிற்பவனிடம் கிளைமாக்ஸைச் சொல்வதுபோல. நியாயமா என்றால் இல்லை. வேலை செய்ததா என்றால் செய்தது.

1996ல் மக்மஹனின் ஆட்களான ஸ்காட் ஹாலும் கெவின் நாஷும் டர்னர் பக்கம் வந்தார்கள். வேலை மாறி வந்தவர்கள்போல இல்லாமல், பகைக் கம்பெனியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள்போல. ஜூலை 7 அன்று, பத்துப் பன்னிரண்டு வருஷமாக நல்லவனாகவே இருந்த ஹல்க் ஹோகன் அவர்களோடு சேர்ந்து கெட்டவன் ஆனார். எம்.ஜி.ஆர். கடைசி ரீலில் நம்பியார் பக்கம் போய் நின்றால் எப்படி இருக்கும்? ஜனங்கள் மேடை மேல் குப்பையை அள்ளி வீசினார்கள். அந்த ஜூனிலிருந்து 1998 ஏப்ரல் வரை, தொடர்ந்து 83 வாரம் நைட்ரோவுக்கே வெற்றி.

இந்த ரேட்டிங் என்றால் என்ன? நீல்சன் கம்பெனி சில வீடுகளில் மீட்டர் வைக்கும். அந்த சேனல் வருகிற வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீடு பார்த்தது என்பதுதான் கேபிள் ரேட்டிங். 1998 ஏப்ரல் 13ல் மக்மஹனே மேடையேறி ஸ்டோன் கோல்ட் ஆஸ்டினோடு மோதப்போகிறார் என்று ஆசை காட்டினார்கள். (கடைசியில் மோதவில்லை, நடுவில் இன்னொருத்தர் வந்து கெடுத்தார்.) அன்று ‘ரா’ 4.6, நைட்ரோ 4.3. 83 வாரத் தொடர் அங்கே முடிந்தது. இரண்டு கம்பெனி ஆட்களும் அந்தத் தேதியை இன்றைக்கும் சொல்வார்கள்.

வித்தியாசம் 0.3. கேபிள் வீடு ஏழு கோடிச் சொச்சம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 2 லட்சம் வீடு. ஆனால் அந்தக் காலத்தில் நாடு முழுவதும் நீல்சன் மீட்டர் இருந்தது ஏறக்குறைய 5,000 வீடுகளில். அத்தனையிலும் கேபிள் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும் 0.3 சதவீதம் என்பது வெறும் பதினைந்து வீடு! பதினைந்து வீட்டுக்காரர்கள் ரிமோட்டை அழுத்தினதில் ஒரு சரித்திரத் தேதி. ஆடிட்டில் இப்படிச் சின்ன சாம்பிளை வைத்துப் பெரிய முடிவு எழுதினால் எங்கள் பெரியவர் பேனாவைப் பிடுங்கிவிடுவார். ஆனாலும் விளம்பரக்காரர்கள் அந்த நம்பருக்குத்தான் காசு கொடுத்தார்கள். அதனால் அந்த நம்பர்தான் உண்மை.

மக்மஹன் எழுந்தது எப்படி? எங்கள் ஆபீஸில் கால்கரிக்காரர் ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் மட்டும் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. 1997 நவம்பர் 9, மான்ட்ரியல். பாட்டியின் ‘மாப்பிள்ளை’ பிரெட் ஹார்ட் டர்னர் கம்பெனிக்குப் போவது முடிவாகிவிட்டது. சாம்பியன் பட்டத்தோடு போய்விடுவாரோ என்ற பயம் மக்மஹனுக்கு. முன்பு ஒரு பெண் வீராங்கனை இவர்களுடைய பெல்ட்டை நைட்ரோவில் குப்பைத்தொட்டியில் போட்ட சூடு இருந்ததே. எனவே பிரெட்டிடம் ஒரு முடிவைப் பேசிவிட்டு, ஆட்டம் நடக்கும்போதே மணியை அடிக்கச் சொல்லி அவரைத் தோற்கடித்தார். எழுதி வைத்த சண்டையில் நிஜமாகவே ஏமாற்றம். பிரெட் மக்மஹன் முகத்தில் துப்பினார். கனடாக்காரர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் மக்மஹன் அந்த வெறுப்பையே முதலாக்கினார். டிவியில் தானே கொடுங்கோல் முதலாளியாக வந்தார். அவரை அடிக்கிற தொழிலாளியாக ஸ்டோன் கோல்ட். தன் மேனேஜரை அடிக்க ஆசைப்படாத சம்பளக்காரன் உலகத்தில் உண்டா? (நான் இல்லை, சார் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.)

1999 ஜனவரி 4 அன்று நைட்ரோவில் பழைய வித்தையையே திரும்பக் காட்டினார்கள். ‘ரா’வில் இன்றைக்கு மிக் ஃபோலி பட்டம் ஜெயிக்கிறார் என்று வர்ணனையாளரைக் கேலியாகச் சொல்ல வைத்தார்கள். ஃபோலி காது பிய்ந்து, பல் உடைந்து, உயரமான கூண்டின் மேலிருந்து விழுந்து எழுந்த மனிதர். அவருக்குப் பட்டமா என்று கேட்டவுடன் லட்சக்கணக்கானவர்கள் சேனலை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ‘ரா’ 5.7, நைட்ரோ 5.0. முடிவு தெரிந்துவிட்டால் பார்க்கமாட்டான் என்பது பிஷாஃபின் கணக்கு. நமக்குப் பிடித்தவன் ஜெயிப்பதைப் பார்க்க முடிவு தெரிந்த பிறகும் போவான் என்பது பாட்டிக்குத் தெரியும். பிரகலாத சரித்திரம் கேட்கப் போகிறவளுக்குக் கடைசியில் நரசிம்மர் வருவார் என்று தெரியாதா?

போட்டி ஏற ஏற உயரமும் ஏறியது. ஸ்டிங் கூரையிலிருந்து கயிற்றில் இறங்குவது நைட்ரோவில் பேர்போன காட்சி. மக்மஹன் பக்கமும் ஒருத்தரைக் கூரையிலிருந்து இறக்கினார்கள். 1999 மே 23, கான்சாஸ் சிட்டி. நீலத் துணி முகமூடி, இறக்கை உடுப்பு போட்ட ஓவன் ஹார்ட். கயிற்றின் கொக்கி நடுவிலேயே விடுபட்டது. சுமார் 24 மீட்டர். வயது 34. உடலை எடுத்துக்கொண்டு போனபின் நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தி முடித்தார்கள்.

எனக்கு அப்போது இருபது வயது, பி.காம். முடிக்கிற நேரம். இதெல்லாம் நாடகம் என்று அதற்கு ஒரு வருஷம் முன்புதான் எனக்கு உறைத்திருந்தது. பெரிய ரகசியம் கண்டுபிடித்தவன்போல பாட்டியிடமும் போட்டு உடைத்திருந்தேன். "எல்லாம் வேஷம் பாட்டி. யாருக்கும் நிஜமா அடி படாது." அவள் ஒன்றும் சொல்லாமல் தொடர்ந்து பார்த்தாள். பேப்பரில் ஓவன் செய்தி வந்த அன்றைக்கு நான்தான் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் மாலையை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்:

"வேஷம்னியேடா. வேஷக்காரனுக்கு ஒரு கயிறு சரியாக் கட்டிக் குடுக்க மாட்டாளா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கேஸ் 2000ல் 1.8 கோடி டாலருக்கு முடிந்தது என்று பின்னாளில் படித்தபோதும் அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. மக்மஹன் கம்பெனியில் இந்த ஆட்கள் சம்பளக்காரர்களே இல்லை, தனி ஒப்பந்தக்காரர்கள். நிறுவனத்தின் பென்ஷன் கிடையாது, மருத்துவக் காப்பீடு கிடையாது. அதே 1999 அக்டோபரில் அந்தக் கம்பெனி ஒரு பங்கு 17 டாலருக்குப் பங்குச்சந்தைக்கு வந்தது. ‘மாப்பிள்ளை’யின் தம்பி இறந்த பிறகு பாட்டி ஸ்டார் ஸ்போர்ட்ஸ் பக்கமே போகவில்லை. எங்கள் வீட்டில் மீட்டர் இல்லாததால் அந்தச் சரிவு எந்த ரேட்டிங்கிலும் வரவில்லை.

டர்னர் கம்பெனி பிறகு வேகமாகச் சரிந்தது. ஹோகன் மாதிரி மூத்தவர்கள் இளையவர்களுக்கு வழி விடவில்லை, பெரிய சம்பள ஒப்பந்தங்கள், வாரம் ஒரு கதை, மாசம் ஒரு கதாசிரியர். பிஷாஃப் 1999 செப்டம்பரில் விலக்கப்பட்டார். 2000ல் மட்டும் நஷ்டம் 6 கோடி டாலருக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. ஆனால் பேலன்ஸ் ஷீட் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. ஒரே குழுமத்துக்குள் ஒரு கம்பெனி நிகழ்ச்சி எடுக்கிறது, இன்னொரு கம்பெனி அதை ஒளிபரப்பி விளம்பரம் விற்கிறது என்றால், எந்த லாபத்தை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்பது மேலே உட்கார்ந்திருப்பவர் தீர்மானம். பிஷாஃபும் பின்னால் இதையேதான் புலம்பினார். பேங்க் கிளையில் இருந்தவர்களுக்குப் புரியும். டெபாசிட் நாம் பிடித்துக் கொடுப்போம், அதற்கு என்ன வட்டி நம் கணக்கில் வரவு வைப்பது என்று தலைமையகம் சொல்லும். அந்த ஒரு சதவீதத்தில் லாபக் கிளை நஷ்டக் கிளை ஆகிவிடும்.

டர்னர் 1996லேயே டைம் வார்னரோடு இணைந்துவிட்டார். 2001 ஜனவரியில் அது ஏ.ஓ.எல்.லோடு இணைந்தது. வீட்டுக்குள் மல்யுத்தத்துக்கு இருந்த ஒரே சிநேகிதர் டர்னர். அவருக்கே அங்கே அதிகாரம் போய்விட்டது. பிஷாஃப் முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டு கம்பெனியை வாங்கக் கிட்டத்தட்ட பேசி முடித்திருந்தார். மார்ச்சில் புது அதிகாரி ஜேமி கெல்னர் வந்து, நம் சேனல்களில் மல்யுத்தமே வேண்டாம் என்று முடிவெடுத்தார். அந்தக் கடைசி நாட்களிலும் நைட்ரோவுக்கு 2க்கு மேல் ரேட்டிங் இருந்தது. ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்க்கிறவர்கள் விளம்பரக்காரர்கள் விரும்புகிற ஜாதி ஆட்கள் இல்லை, அவ்வளவுதான்.

நேரம் போனதும் வாங்க வந்தவர்கள் விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். ஒளிபரப்ப இடமில்லாத டிவி நிகழ்ச்சியை எதை நம்பி அடமானம் பிடிப்பது? மார்ச் 23ல் மக்மஹன் வாங்கினார். பெயருக்கும் பழைய டேப்புகளுக்கும் சுமார் 25 லட்சம் டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கணக்கு. டொராண்டோவில் இன்றைக்கு இரண்டு வீடு வாங்கலாம், கொஞ்சம் நல்ல இடத்தில் என்றால் ஒன்று.

மார்ச் 26, ஃப்ளோரிடா பனாமா சிட்டி பீச்சில் கடைசி நைட்ரோ. நிகழ்ச்சி தொடங்கியதே மக்மஹன் முகத்தோடு. கிளீவ்லாண்டில் நடந்த ‘ரா’விலிருந்து அவர் பேசினதை டி.என்.டி.யிலும் காட்டினார்கள். அங்கே இருந்த நூற்றுக்கணக்கானவர்களில் பலருக்கு மறுநாள் வேலை இருக்கிறதா என்றே தெரியாது. கேமராக்காரர், விளக்குக்காரர், டிக்கெட் கணக்குப் பார்த்தவர். 2017 ஏப்ரல் 1ல் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர் தாய் வங்கியோடு சேர்ந்தபோது, சின்ன வயசிலிருந்து பார்த்த பெயர்ப்பலகையை இறக்கும் போட்டோவை ஊரிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அங்கே இருந்தவர்களுக்கு வேலை இருந்தது, பென்ஷன் இருந்தது. அப்படியும் எனக்குத் தொண்டையை அடைத்தது. பனாமா சிட்டிக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு கணக்கு உண்டு. எதிரி போனதும் அவனுடைய பார்வையாளர்கள் மக்மஹனிடம் வந்திருக்கவேண்டும் அல்லவா? வரவில்லை. 2000ல் 5, 6 என்று இருந்த ‘ரா’ 2003 வாக்கில் 4க்குக் கீழே. நைட்ரோ பார்த்த ஜனம் அப்படியே டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டது. 2019ல் ஏ.இ.டபிள்யூ. வந்து அதே டி.என்.டி.யில் புதன்கிழமைகளில் மோதினபோது, ஒன்றரை வருஷத்துக்குள் மக்மஹன் கம்பெனிதான் தன் ‘என்.எக்ஸ்.டி.’யைச் செவ்வாய்க்கு நகர்த்திக்கொண்டது. ஆனால் பழைய கூட்டம் திரும்பவில்லை.

பையனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. யூட்யூபில் கடைசி நைட்ரோவின் கடைசி ஆட்டத்தைத் தேடிப் போட்டேன். ஸ்டிங்கும் ரிக் ஃப்ளேரும். ஃப்ளேர் பனியனைக் கழற்றாமலே ஆடினார். ஸ்டிங் ஜெயித்தார், பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். முதல் நைட்ரோவிலும் இவர்கள் இரண்டு பேரும் ஆடியிருந்தார்கள்.

"எதிரிங்கதானே, ஏன் கட்டிக்கறாங்க?" என்றான்.

"கம்பெனி மூடறாங்கடா."

ஓவன் ஹார்ட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பெரியவனாகட்டும்.

பி.கு.: டிரம்ப் கார்டு சேர்த்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். என் கட்டு வலியசாலை வீட்டு மச்சில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பிரெட் ஹார்ட் கார்டு மட்டும் அதில் இல்லை. பாட்டி 2006ல் போனபிறகு அவளுடைய சுலோகப் புஸ்தகத்துக்குள் கிடைத்தது.